57,000 ரூபாய் வந்த வழி: ஒரு பொறியியல் மாணவியின் முதல் ஆண்டு உதவித்தொகைக் கணக்கு

2025 ஜூன் இரண்டாவது வாரம் அந்தப் பெண் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு வந்தாள். கடைசி வரியில் 34,200 ரூபாய் வரவு ஆகியிருந்தது. முதல் ஆண்டுப் பரீட்சை எல்லாம் எழுதி முடித்துவிட்டாள். அந்த ஆண்டுச் செலவுக்கென்று அரசு கொடுக்கும் உதவித்தொகையின் பெரிய பங்கு அன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது. "சார், இதுல எவ்வளவு எங்களுது?" என்று கேட்டாள். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மூவாயிரம் மிஞ்சியது.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். சாயங்காலத்தில் படிப்பகத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது வழக்கம். வருஷத்துக்கு முப்பது நாற்பது பேர் வருவார்கள். அவர்களில் இவளுடையதை மட்டும் எழுதக் காரணம் உண்டு. இவள் எந்தத் தேதியையும் தவறவிடவில்லை, எந்தக் காகிதத்தையும் தொலைக்கவில்லை, எல்லாத் தகுதியும் இருந்தது. அப்படியும் இப்படித்தான் முடிந்தது. மாணவியின் பெயர், கல்லூரி, வங்கி எதையும் இங்கே சொல்லவில்லை.

குடும்பம்

செய்யாறு பக்கம் ஒரு கிராமம். ஆதிதிராவிடர் குடும்பம். அப்பா விவசாயக் கூலி, சீசனில் நெல் மூட்டை ஏற்றுவார். அம்மா சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு, மாதம் 11,500. அப்பாவின் வருமானம் வருஷத்துக்கு 72,000 என்று வைத்தால் இருவருக்கும் சேர்த்து 2,10,000. ஒரு அண்ணன், அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்து இரண்டு வருஷத்தில் நிறுத்திவிட்டு அதே சிப்காட்டில் வேலைக்குப் போகிறான்.

இவள் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்தது அரசு உதவி பெறும் பள்ளியில், தமிழ் வழியில். "உதவி பெறும்" என்ற இந்த இரண்டு சொற்களுக்குக் கொடுத்த விலை பெரிசு. 2021இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. அந்த இடத்தில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டிவிடும். ஆனால் அது அரசுப் பள்ளிக்கு மட்டும். இவள் பள்ளியிலும் அதே பாடப் புத்தகம், ஆசிரியருக்கும் அரசுச் சம்பளம். இருந்தும் ஒதுக்கீட்டில் வராது. பக்கத்துத் தெருப் பெண் அரசு மேல்நிலைப் பள்ளியில் இவளைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கி, ஒரு பைசா கட்டாமல் படிக்கிறாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, அந்தப் பிள்ளைக்கும் வேண்டியதுதான். ஆனால் ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி கிட்டத்தில் இருந்தது என்பது பொறியியல் கல்லூரிக் கட்டணத்தைத் தீர்மானிக்கும் என்று எந்த அப்பாவுக்குத் தெரியும்?

அண்ணன் குறுக்கே வந்த இரண்டு காகிதங்கள்

2024 மே 6ஆம் தேதி பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. அந்த வாரமே சான்றிதழ் வேலையைத் தொடங்கினோம். சாதிச் சான்றிதழ் பள்ளியில் படிக்கும்போதே வாங்கியது, அது ஒரு தடவை வாங்கினால் போதும். வேண்டியது இரண்டு: வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் கேன் எண் (சான்றிதழ் கேட்பவருக்கு அங்கே கொடுக்கும் அடையாள எண்) பதிந்து, ஒவ்வொன்றுக்கும் அறுபது ரூபாய் கட்டி, இரண்டையும் போட்டோம்.

வருமானச் சான்றிதழ் 2,90,000 என்று வந்தது. உதவித்தொகைக்கு உச்சவரம்பு 2,50,000. கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கேட்டால், "பையனும் கம்பெனிக்குப் போறான்ல, அதையும் சேர்த்தேன்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, வீட்டில் வருகிற பணத்தைத்தான் எழுதினார். ஆனால் இந்தத் திட்டத்தின் விதி பார்ப்பது பெற்றோர் அல்லது காப்பாளர் வருமானத்தை. அண்ணன் சம்பளம் அதில் சேராது. அம்மாவின் சம்பளச் சீட்டை இணைத்து, எந்தத் திட்டத்துக்கு என்று எழுதி, மறுபடி அறுபது ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். பதினோரு நாளில் 2,10,000 என்று வந்தது. அந்த முதல் சான்றிதழை அப்படியே எடுத்துக்கொண்டு போயிருந்தால் இந்த ஆய்வு இந்தப் பத்தியோடு முடிந்திருக்கும். நிறையப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. தாசில்தார் கையெழுத்துப் போட்டு வந்த காகிதத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

முதல் பட்டதாரிச் சான்றிதழிலும் அண்ணன்தான். "அவன் காலேஜ் படிச்சான்னு ஊரே சொல்லுதே" என்று வருவாய் ஆய்வாளர் நிறுத்திவைத்தார். படித்தான், பட்டம் வாங்கவில்லை. குடும்பத்தில் பட்டதாரி இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. கல்லூரி வாசலை மிதித்தவர் இருக்கிறாரா என்பது இல்லை. அவன் படிப்பை நிறுத்தியபோது வாங்கிய மாற்றுச் சான்றிதழைக் காட்டிய பிறகு கொடுத்தார்கள்.

படிப்பை நிறுத்தியவனுடைய சம்பளமும், முடிக்காமல் போன அவன் படிப்பும், தங்கை விண்ணப்பத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றதை அவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். "நான் படிச்சும் கெடுத்தேன், படிக்காமலும் கெடுத்தேன்" என்றான்.

எதைக் கேட்பது

உதவி என்று பார்த்தால் இவளுக்கு ஐந்து கதவுகள் தெரிந்தன. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தட்ட முடியாது. இதைத்தான் நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு. பழைய திட்டம், 1944இலிருந்து நடக்கிறது. அம்பேத்கர் அப்போது வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில், மாதம் பதினொன்றரைப் பவுண்டில், 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்தவர். இந்தத் திட்டத்துக்கு மதிப்பெண் போட்டி கிடையாது. சாதி, வருமானம், முறையான சேர்க்கை மூன்றும் இருந்தால் போதும், எண்ணிக்கை வரம்பு இல்லை. படிப்புக் கட்டணத்தோடு, புத்தகம், கைச்செலவுக்கென்று ஆண்டுக்கு ஒரு படியும் உண்டு. பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் விடுதியில் தங்குபவருக்கு 13,500, வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000. தமிழ்நாட்டில் இதற்கு 2012இன் அரசாணை 92 கூடுதல் பலம் கொடுத்தது. சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்குத் திருப்பித் தராத கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்ற ஆணை அது.

இரண்டாவது, முதல் பட்டதாரிச் சலுகை. 2010-11இலிருந்து இருக்கிறது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவருக்குப் படிப்புக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 கழிவு. சாதியும் பார்ப்பதில்லை, வருமானமும் பார்ப்பதில்லை. ஒரே படிப்புக் கட்டணத்தை இரண்டு பக்கமும் கேட்க முடியாது என்பதால் இவளுக்கு அது உடனடியாகத் தேவையில்லை. அப்படியும் ஏன் அலைந்து வாங்கினோம் என்றால், அம்மாவின் சம்பளம் கூடி என்றைக்காவது குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் முதல் கதவு மூடிக்கொள்ளும். இரண்டாவது அப்போதும் திறந்திருக்கும். ஆனால் அதைக் கலந்தாய்வு விண்ணப்பத்திலேயே காட்டியிருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் ஞாபகம் வந்து கேட்டால் நடக்காது.

மூன்றாவது, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் பிரகதி உதவித்தொகை. பெண்களுக்கு மட்டும், ஆண்டுக்கு 50,000, வருமான வரம்பு எட்டு லட்சம். கேட்கவே நன்றாக இருக்கும். ஆனால் மதிப்பெண் அடிப்படையில் தேர்வு, வேறு அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது. நிச்சயமானதை விட்டுவிட்டு நிச்சயமில்லாததற்கு ஓட வேண்டாம் என்றேன்.

நான்காவது, புதுமைப்பெண். மாதம் ஆயிரம் ரூபாய், பட்டம் முடிக்கும் வரை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களின் திருமணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்துவந்த திட்டத்தைப் படிப்புக்கு என்று மாற்றி, 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கினார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். ஆனால் 2024 மே மாதத்தில் அதுவும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. இவள் அதற்கும் வெளியே.

ஐந்தாவது கல்விக் கடன். அதற்கு அப்புறம் வருகிறேன், அதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது.

கல்லூரி கொடுத்த சீட்டு

ஆகஸ்டில் கலந்தாய்வில் காஞ்சிபுரம் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் மின்னணுவியல் கிடைத்தது. அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017இல் வைத்த கணக்கு ஆண்டுக்கு 50,000, தர அங்கீகாரம் பெற்ற பிரிவு என்றால் 55,000. இவள் பிரிவு 50,000 வகை. நிர்வாக ஒதுக்கீட்டில் போயிருந்தால் கட்டணமும் கூடும், உதவித்தொகையும் போகும். தரகர் ஒருவர் "சென்னைக்குள்ளயே நல்ல காலேஜ், நான் வாங்கித் தரேன்" என்று ஜூலையில் வீட்டுக்கே வந்துவிட்டுப் போனார். நல்ல வேளை, அம்மா மசியவில்லை.

செப்டம்பரில், சேர்க்கை நாளன்று கல்லூரி அலுவலகம் ஒரு சீட்டு கொடுத்தது. படிப்புக் கட்டணம் 50,000. பேருந்து 22,000. இதரக் கட்டணம் 18,000. அதற்குள் சீருடை, பயிற்சி, நூலகம், இன்னும் ஏதேதோ. மொத்தம் 90,000. "ஸ்காலர்ஷிப் பிள்ளைங்க டியூஷன் ஃபீஸ் இப்ப கட்ட வேண்டாம், மீதி 40,000 கட்டுங்க" என்றார்கள். கூடவே ஒரு உறுதிமொழிக் கடிதம்: உதவித்தொகை வராவிட்டால் முழுக் கட்டணத்தையும் கட்டுவேன் என்று பெற்றோர் கையெழுத்து.

"எல்லாம் ஃப்ரீன்னு சொன்னாங்களே சார்" என்றார் அப்பா. அவரை யாரும் ஏமாற்றவில்லை. படிப்புக் கட்டணம் உண்மையிலேயே இலவசம்தான். ஆனால் செய்யாறு பக்கத்திலிருந்து தினமும் போய்வர வேண்டிய பெண்ணுக்குப் படிப்புக் கட்டணம் செலவில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் என்றாகிவிட்டது. அந்த நாற்பதாயிரத்தை அம்மா மகளிர் குழுக் கடனாக எடுத்தார். வாராவாரம் தவணை.

அதே செப்டம்பர் கடைசியில் தொலைக்காட்சியில் ஒரு செய்தி ஓடியது. உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் மகன், தலித் மாணவன், ஐஐடி தன்பாதில் மின் பொறியியல் இடம் வாங்கியிருந்தான். இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாயை ஜூன் 24ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் கட்ட வேண்டும். பணத்தைப் புரட்டுவதற்குள் நேரம் முடிந்து இணையதளம் மூடிக்கொண்டது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது ஐஐடி மெட்ராஸ் என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்குக்கூட வந்து பார்த்தார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 30ஆம் தேதி அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவு தனக்குத் தரும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவனைச் சேர்க்கச் சொன்னது. ஒரு மாணவனுடைய பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு நாட்டின் தலைமை நீதிபதி உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு இவள் அம்மா என்னிடம் கேட்டது: "நாப்பதாயிரம் கட்டாம விட்டிருந்தா நம்மளும் கோர்ட்டுக்குத்தான் போயிருக்கணுமா சார்?"

நவம்பரில் அடுத்தது. பருவத் தேர்வு நெருங்கும்போது, உதவித்தொகை இன்னும் வரவில்லை, படிப்புக் கட்டணத்தில் பாதியையாவது கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. தகுதியுள்ள ஆதிதிராவிடர் மாணவரிடம் முன்பணமாகப் படிப்புக் கட்டணம் வாங்கக் கூடாது. கட்டணமில்லாச் சேர்க்கை அட்டை என்று திட்டத்தில் ஒன்று இருப்பதே அதற்காகத்தான். நான் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. "நாலு வருஷம் அங்கதான சார் படிக்கணும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவின் கம்மலும் ஒரு சின்னச் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயின. 25,000 ரூபாய், மாதம் இரண்டு வட்டி.

பணம் ஏன் கல்லூரிக்கே போவதில்லை

இந்த இடத்தில் திட்டத்தின் உள்வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை போஸ்ட் மெட்ரிக் திட்டத்தை மாற்றி அமைத்தது. ஐந்து ஆண்டுக்கு 59,048 கோடி ரூபாய், அதில் மத்திய அரசின் பங்கு 35,534 கோடி, அதாவது 60 சதவீதம். மீதி 40 மாநிலத்துடையது. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகு மத்தியப் பங்கு வரும், அதுவும் நேராக மாணவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கு. மாணவர் அதை எடுத்துக் கல்லூரியில் கட்ட வேண்டும்.

ஏன் இப்படி என்றால், பணம் கல்லூரிகளுக்குப் போன காலத்தில் சில மாநிலங்களில் படிக்காத பிள்ளைகள் பெயரில் பணம் எடுத்திருக்கிறார்கள். இமாச்சலப் பிரதேசத்தில் 250 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட உதவித்தொகை மோசடி என்று சிபிஐ விசாரணையே நடந்தது. ஆகவே மாற்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்பு பணம் தாமதமானால் அது அரசுக்கும் கல்லூரிக்கும் நடுவில் இருக்கும் பாக்கி. இப்போது கல்லூரியின் கண்ணுக்கு அது மாணவியின் பாக்கி. தாமதம் அதே தாமதம்தான், அதைச் சுமக்கும் தோள் மாறிவிட்டது. கூட்டிப் பார்த்தால் இவளுக்கு வர வேண்டியது கட்டணம் 50,000, படி 7,000, ஆக 57,000. மாநிலம் 22,800, மத்தியம் 34,200.

விண்ணப்பம் மழைக்காலத்தில் யுமிஸ் தளத்தில், அதாவது கல்லூரி மாணவர் விவரங்களை வைத்திருக்கும் மாநில அரசின் இணையதளத்தில் போட்டோம். கல்லூரியின் நோடல் அலுவலர் சரிபார்த்தார். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்று ஒரு சிக்கல் வந்தது. ஆதாரைத் திருத்திச் சரிசெய்ய மூன்று வாரம். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

காணாமல் போன ஆயிரம்

2024 டிசம்பர் 30ஆம் தேதி தூத்துக்குடியில் புதுமைப்பெண் திட்டத்தை விரிவுபடுத்தினார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் மாதம் ஆயிரம். ஆறாம் வகுப்பில் மூடிய கதவுகளில் ஒன்று கடைசியில் திறந்தது. கல்லூரியில் பட்டியலில் பெயர் வந்தது. ஜனவரியில் தோழிகளுக்கெல்லாம் குறுஞ்செய்தி வந்தது. இவளுக்கு வரவில்லை. விசாரித்தால், "அனுப்பியாச்சு" என்று காட்டுகிறது. பாஸ்புக்கில் இல்லை.

வங்கியில் நான் இருந்த கடைசிப் பத்து வருஷம் இந்தக் கதையைத்தான் அதிகம் பார்த்தேன். வங்கிக் கணக்கில் ஆதார் நகலைக் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காக என்பிசிஐ (வங்கிகளுக்கு நடுவே பணம் போய்வரும் வழியை நடத்தும் தேசிய நிறுவனம்) பட்டியலில் ஆதாரை ஏற்றுவது வேறு. எத்தனை வங்கியில் வேண்டுமானாலும் ஆதாரைக் கொடுத்துக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் என்பிசிஐ பட்டியலில் ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரே வங்கிதான் நிற்கும். கடைசியாக யார் ஏற்றினார்களோ அவர்கள். அந்தப் பட்டியலில் கணக்கு எண்கூட இருக்காது, வங்கியின் அடையாளம் மட்டும்தான். பணம் அந்த வங்கிக்குப் போகும், அவர்கள் தங்களிடம் உள்ள கணக்கில் வரவு வைப்பார்கள். விண்ணப்பத்தில் நீங்கள் அழகாக எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணை அங்கே யாரும் பார்ப்பதில்லை.

ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பக்கம் இருக்கிறது. திறந்து பார்த்தோம். அவள் பெயரே கேள்விப்பட்டிராத ஒரு பேமெண்ட்ஸ் பேங்க் நின்றது. யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்தாள்: பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு கடையில் சிம் வாங்கியிருக்கிறாள், கைரேகை வைத்திருக்கிறாள், கடைக்காரர் "இன்னொரு தடவை வைம்மா, சரியா விழல" என்றிருக்கிறார். அந்த இரண்டாவது ரேகையில் கணக்குத் திறந்துவிட்டது. இது புதுசும் இல்லை. 2017இல் நாடு முழுக்க நிறையப் பேருடைய கேஸ் மானியம் இப்படித்தான் அவர்களுக்கே தெரியாத கணக்குகளுக்குப் போய், பெரிய விவகாரமாகி, ஆதார் ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

அந்தச் சிம் செத்துப் பல மாதம். கணக்கைத் திறக்க ஓடிபி போவது அந்த எண்ணுக்கு. ஆயிரத்தை மீட்க ஆறு வாரம் ஆனது. ஆனால் முக்கியமான வேலை ஒரே நாளில் முடிந்தது: அவளுடைய சொந்தக் கிளைக்குப் போய், ஆதார் இணைப்புக்கான ஒப்புதல் படிவத்தைக் கொடுத்து, என்பிசிஐ பட்டியலில் வங்கியை மாற்றினோம். கிளையில் இருந்த பெண் முதலில் "ஆல்ரெடி லிங்க் ஆகியிருக்கே" என்றார். லிங்க் இல்லம்மா, சீடிங் என்று நான் சொன்ன பிறகு சிரித்துக்கொண்டே செய்துகொடுத்தார். அந்த ஆயிரம் தொலையாமல் இருந்திருந்தால் இதைப் பார்த்தே இருக்க மாட்டோம். ஐம்பத்தேழாயிரமும் அந்தச் செத்த சிம் கணக்குக்கே போயிருக்கும்.

கடன் பற்றி

செப்டம்பரில் நாற்பதாயிரம் கட்ட வேண்டி வந்தபோது கல்விக் கடன் கேட்கலாமா என்று அம்மா கேட்டார். நான் வேண்டாம் என்றேன். காரணம், அப்பா பெயரில் பழைய டூவீலர் கடன் ஒன்று பாதியில் நின்று போயிருந்தது, சிபில் மதிப்பெண் (பழைய கடனை எப்படிக் கட்டினார் என்று பார்த்துப் போடும் மதிப்பெண்) மோசம். கிளையில் அதைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள், அலைச்சல்தான் மிச்சம் என்று நினைத்தேன்.

இப்போது யோசித்தால் அது தப்பான யோசனை. நான்கு லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. 2023இல் கேரள உயர் நீதிமன்றம், சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மாணவரின் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்றே சொல்லியிருக்கிறது. அது கேரளத் தீர்ப்புதான் என்றாலும் கிளை மேலாளர் முன் வைத்துப் பேச ஒரு பிடி இருந்திருக்கும். பெற்றோர் வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்பு என்றால், படிக்கும் காலத்துக்கும் அதற்கு மேல் ஒரு வருஷத்துக்கும் வட்டியை மத்திய அரசே கட்டும். 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் 860 நிறுவனங்களின் பட்டியல் ஒன்று இருந்தது, இவள் கல்லூரி அதில் இல்லை. ஆனால் பழைய வட்டி மானியத்துக்குக் கல்லூரியின் அங்கீகாரம் போதுமானதாக இருந்தது. ஒருவேளை கொடுத்திருப்பார்கள். கொடுக்காமலும் போயிருக்கலாம். கேட்டுப் பார்க்காமல் விட்டதற்குக் காரணம் என் அனுபவம். முப்பது வருஷம் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்தவனுக்கு எது நடக்காது என்பது ரொம்ப நன்றாகத் தெரிந்துவிடுகிறது. அதன் விலையை அம்மா வாராவாரம் குழுத் தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

மார்ச்சும் ஜூனும்

மாநிலப் பங்கு 22,800 மார்ச்சில் வந்தது, சரியான கணக்குக்கே. இரண்டாம் பருவத் தேர்வுக்கு முன்னால் கல்லூரி மீதிக் கட்டணத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததால் அப்படியே அங்கே போனது. அடகுக் கடைக்குப் போக ஒன்றும் மிஞ்சவில்லை. ஜூனில் மத்தியப் பங்கு 34,200. அதில் 2,200 கல்லூரிக்கு. அதோடு 50,000 முடிந்தது. மீதி 32,000. அடகுக்கு அசல் 25,000, நவம்பரிலிருந்து எட்டு மாத வட்டி 4,000.

மிஞ்சிய மூவாயிரம்தான் ஆரம்பத்தில் சொன்னது. அரசு புத்தகத்துக்கும் கைச்செலவுக்கும் என்று கொடுத்த ஆண்டுப் படி 7,000. அதில் நாலாயிரம் அடகுக் கடைக்காரருக்குப் போயிருக்கிறது. அரசு முழுப் பணத்தையும் கொடுத்தது, மாணவி முழுப் பணத்தையும் வாங்கினாள், எந்த அலுவலகத்திலும் ஒரு ரூபாய்கூட லஞ்சம் போகவில்லை. எந்தத் தணிக்கையிலும் இந்த நாலாயிரம் வராது.

ஜனவரி முதல் ஜூன் வரை புதுமைப்பெண் ஆறாயிரம் தனி. வீட்டில் அதை அவள் கையிலேயே விட்டுவிட்டார்கள். ஒரு பழைய கால்குலேட்டரும் இரண்டு பாடப் புத்தகமும் வாங்கினாள், மற்றதெல்லாம் பேருந்து தவறிய நாட்களில் ஷேர் ஆட்டோவுக்குப் போனது. பெரிய தொகை தாமதமாக வந்து கடனோடு போனது. சின்னத் தொகை மாதாமாதம் வந்தது, அது மட்டும்தான் அவளுடைய படிப்புக்குப் பயன்பட்டது. திட்டம் போடுகிறவர்கள் தொகையைக் கூட்டுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் பார்க்கலாம். 57,000ஐ இரண்டு தவணையாகக் கொடுக்கட்டும், ஆனால் முதல் தவணை செப்டம்பரில் இருக்கட்டும். இரண்டாம் ஆண்டிலிருந்து மாணவி யார், எங்கே படிக்கிறாள், தேர்ச்சி பெற்றாளா எல்லாம் யுமிஸில் ஏற்கெனவே இருக்கிறதே.

அன்றைக்கு அந்த மூவாயிரத்தைப் பார்த்துவிட்டு அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அடகுச் சீட்டைக் கிழிக்காமல் பர்ஸில் வைத்துக்கொண்டாள். அப்புறம் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தாள், அம்மாவின் புதுச் சம்பளச் சீட்டு. மாதம் 13,000 ஆகியிருந்தது. வருஷத்துக்கு 1,56,000, அப்பாவுடையது 72,000, ஆக 2,28,000. இரண்டரை லட்சத்துக்கு இன்னும் 22,000 இடைவெளி. வருமானச் சான்றிதழ் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், புதுசு வாங்க வேண்டும். இந்தத் தடவை விஏஓவிடம் அண்ணனைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடலாம் என்றாள். "கம்பெனில ஓவர்டைம் போட்டுக் கொடுக்குறாங்களாம் சார். அம்மா போகலாமா, வேணாமா?"

மேசையில் இருந்த கால்குலேட்டரை எடுத்தேன். ஓவர்டைமுக்கு மணிக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன்.